இரண்டு பட்டன்களுக்கு நடுவே

அக்கா,

காலையில் முதலாளி வந்து, நேற்று விவாகரத்தை அறிவித்த நடிகைக்குத் தனியாக ஒரு பக்கம் வேண்டும் என்றார். கம்ப்யூட்டரில் வண்ணப் பட்டியலைத் திறந்தேன். முதல் வண்ணத்துக்கு நீங்கள் வைத்த பெயர் அப்படியே இருக்கிறது: ரோஸ்மில்க். பக்கத்தில் கறுப்பும் சிவப்புமாக இன்னொன்று: பார் லைட்டு. அதை அப்படியே விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நம் சினிமா கிசுகிசு தளத்துக்குள் யார் வந்தாலும் முதலில் ஒரு கேள்வி: ஆணா, பெண்ணா? பெண் என்று அழுத்தினால் ரோஸ்மில்க் பக்கம். யார் அழுதார், யார் குண்டானார், யாருக்கு இன்னும் குழந்தை இல்லை. ஆண் என்று அழுத்தினால் பார் லைட்டு. அதே நடிகை, அதே செய்திதான். படத்தை மட்டும் கழுத்துக்குக் கீழே தெரிகிற மாதிரி நான் வெட்டித் தர வேண்டும். படத்துக்கு நான், தலைப்புக்கு நீங்கள். ஒரே செய்திக்கு இரண்டு தலைப்பு எழுதி முடித்துவிட்டு, "ஒரே பொண்ணுக்கு ரெண்டு சட்ட தைக்கிறோம்டி, ஒண்ணுகூட அவளுக்குப் பத்தல" என்பீர்கள்.

ஒருநாள் மூன்றாவதாக ஒரு பட்டன் செய்யச் சொன்னீர்கள். இரண்டுக்கும் நடுவில் வைத்து, 'சும்மா பார்க்க வந்தேன்' என்று அதன்மேல் எழுதினீர்கள். வந்தவர்களில் பாதிப் பேர் அதைத்தான் அழுத்தினார்கள். மதியத்துக்குள் முதலாளி எடுக்கச் சொல்லிவிட்டார். "விளம்பரக்காரன் கேக்குறான்மா, வந்தது ஆம்பளையா பொம்பளையான்னு. சும்மா வந்தவனுக்கு நான் எந்தச் சோப்ப விக்கிறது?" நீங்கள் டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தீர்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

உங்கள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். உங்களிடமும் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தது. "நெனச்சா நாளைக்கே ப்ளேன் ஏறிடுவேன்" என்று அடிக்கடி சொல்வீர்கள். படுக்கையில் கிடந்த அம்மாவை விட்டுவிட்டு எங்கே ஏறுவது? எனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளக்கூட வழி இல்லை. நம் ஊர் மேட்டுப்பாளையத்திலேயே ஒரு கம்பெனிக்கு நேர்காணலுக்குப் போனேனே, நினைவிருக்கிறதா? இதுவரை செய்த வேலையைக் காட்டுங்கள் என்றார்கள். காட்ட என்னிடம் வேறு என்ன இருக்கிறது? நேர்காணல் எடுத்தவர் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இதெல்லாம் நீங்களேதான் பண்ணுனதா மேடம்?" என்றார். திரும்பி வரும்போது ஆட்டோவிலிருந்து உங்களுக்குப் போன் செய்து அழுதேன். "இன்னும் அழுதீன்னா ரோஸ்மில்க் பக்கத்துல போட்டுடுவேன், பாத்துக்க" என்றீர்கள். அழுகையோடு அழுகையாகச் சிரித்துத் தொலைத்தேன்.

நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை. ஆபீஸ் சார்பில் சாரம் பகுதித் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைப்பது என்று முடிவானது. முதலாளிக்கு உண்மையாகவே வருத்தம், கண் சிவந்திருந்தது. அந்தக் கண்ணோடுதான் சொன்னார்: "லேடீஸ்தானம்மா, ரோஸ்லயே போட்டுடு. மொகத்த கொஞ்சம் வெளுப்பாக்கிடு. கண்ணாடிய எடுத்துடு."

பழக்க தோஷம், வேறென்ன. ஆனால் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "முடியாது சார்" என்றேன். அந்த ஆபீசில் அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிச் சொன்னதில்லை. வெள்ளைப் பின்னணியில் உங்களை உங்கள் நிறத்திலேயே முழுசாகப் போட்டேன்: கண்ணாடி, மூக்கோரத்து மச்சம், எண்ணெய் வழியும் நெற்றி, ஈறு தெரியும் அந்தச் சிரிப்பு. "இத யாரும்மா நின்னு பாப்பாங்க?" என்று முதலாளி முனகிக்கொண்டே போனார்.

மறுநாள் முனையில் போய் நின்றேன். சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் காலை ஊன்றி நின்று, உங்கள் முகத்தைப் பார்த்து, பெயரைப் படித்துவிட்டுப் போனார். வீராம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா கூடையை இறக்காமலே நின்றார். "யாரோ பாவம், எப்டி சிரிக்குது பாரு" என்றார். ஆணா பெண்ணா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

அதற்குப்பிறகு நான் ஒன்றும் மாறிவிடவில்லை அக்கா. அந்த வாரமே இன்னொரு நடிகையின் படத்தை வெட்டினேன். இன்றும் வெட்டப்போகிறேன். உங்கள் நாற்காலிக்குப் புதிதாக வந்திருப்பவர் இரண்டு தலைப்பையும் அனுப்பிவிட்டார். சில நேரம் உங்கள்மேல் கோபம்கூட வருகிறது. போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு இருந்தவர், சொல்லாமல் போய்விட்டீர்கள்.

நம் பட்டனை எடுத்தபோது விழுந்த இடைவெளியை நான் இன்னும் மூடவில்லை. "நடுவுல என்னம்மா காலியா கெடக்கு?" என்று முதலாளி அவ்வப்போது கேட்பார். "போன்ல பாக்க அதான் சார் நல்லா இருக்கும்" என்பேன். பக்கத்தை முடித்துச் சரிபார்க்கத் திறக்கும்போது என்னையும் அது கேட்கிறது: ஆணா, பெண்ணா? முதலில் அந்தக் காலி இடத்தில் ஒரு தட்டு தட்டுகிறேன். எதுவும் திறப்பதில்லை. பிறகுதான் இரண்டில் ஒன்றை அழுத்தி உள்ளே போகிறேன்.