தலையணைக்குப் போட்ட ஊசி

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. காய்ச்சல் இருமல் எதுவும் அண்டாமல் இங்கே மூன்று பேரும் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும், இப்போதைக்கு எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. போனில் பேசினால் சின்னவள் காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

ஊரடங்கில் அப்பா சலூனைத் திறக்க வழியில்லாமல் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் சுற்றுகிறார். உன் தங்கச்சி கதவைச் சாத்திக்கொண்டு போனில் நர்சிங் படிக்கிறாள், படிக்கிறாள் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்குத் துணி எடுக்க உள்ளே போனால் இவள் போர்வைக்குள், போனில் அந்த டீச்சரம்மா நான் பேசறது கேக்குதா, யாராவது சொல்லுங்கம்மா என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறார், ஒரு பிள்ளை வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை, மைக்கைத் தொட்டு, நல்லா கேக்குதுங்க, நீங்க பேசுங்க என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், வகுப்பே சிரித்ததாம், என் மானமே போச்சும்மா என்று இவள் குதித்த குதி இருக்கிறதே!

திட்டித் தீர்த்துவிட்டு அப்புறம் உட்கார்ந்து அழுதாள். வருஷம் முழுக்கத் தலையணைக்குத்தான் ஊசி போட்டிருக்கேன், ஒரு மனுஷன் கையையாவது தொட்டிருக்கேனா, மார்க் மட்டும் வருது, பயமா இருக்கும்மா என்றாள். காலேஜில் விசாரித்தாளாம், வேண்டுமென்றால் இந்த வருஷத்தை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரி வார்டுக்குள் பிள்ளைகளை விட ஆரம்பித்ததும் மறுபடி படிக்கலாமாம், வெள்ளிக்கிழமைக்குள் வீட்டில் சம்மதம் சொல்ல வேண்டுமாம். அப்பா ஒரே பிடி, ஊரே போன்லதான் படிக்குது, இவளுக்கு மட்டும் என்ன வந்துச்சு என்கிறார். நீயும் அவளுக்கு, எப்படியாவது முடிச்சிடு என்று மெசேஜ் அனுப்பினாயாமே, உன்னை யார் கேட்டது? எனக்கோ இரண்டு மனசு. கூடப் படித்ததுகள் முன்னால் போய்விடுமே என்றும் இருக்கிறது, இவள் பயம் நியாயம்தானே என்றும் இருக்கிறது.

நேற்று சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டே விட்டேன், போனைப் பார்த்து ஷேவிங் கத்துக்கிட்டு ஒருத்தன் வேலைக்கு வந்தா நீங்க முதல்ல உங்க கழுத்தைக் கொடுப்பீங்களா என்று. மனுஷன் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. இன்றைக்குக் காலையில், சரின்னு சொல்லிடு என்று முனகிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

சின்னவளிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், என் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு ஊசி போட நரம்பைத் தேடினாள். தடவித் தடவிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. நல்லவேளைம்மா, இன்னும் ஒரு வருஷம் கிடைச்சுது என்றாள்.

நீ நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு, முகத்தை மூடாமல் வெளியே போகாதே. அவளைக் கூப்பிட்டுப் பேசு, புத்திமதி மட்டும் வேண்டாம்.

எந்நேரமும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா