உங்கள் சார்பில் யார் பேசுவது?

என்னங்க,

உயிரோடு இருந்தபோதே உங்களைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. இப்போது மட்டும் என்ன புதுப் பழக்கம்? கடிதத்திலும் 'என்னங்க'தான்.

நேற்று உங்கள் முதல் வருடத் திதி. சிட்னி பரமட்டாவிலிருந்து உங்கள் தம்பி வந்திருந்தார். படத்துக்கு முன்னால் இலை போட்டுப் பரிமாறியபோது, நீங்கள் ஓயாமல் கதை சொல்லும் பெரு நாட்டு இன்கா அரசர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். இந்த மெல்பர்ன் பொயிண்ட் குக் வீட்டில் எத்தனை சாப்பாட்டு வேளைகள் அவர்கள் பேச்சிலேயே போயிருக்கும்! செத்த ராஜாவின் உடலைப் பதப்படுத்தி, நல்ல துணி உடுத்தி, குஸ்கோ நகரத்துச் சதுக்கத்தில் விருந்துக்கு உட்கார வைப்பார்களாம். முன்னால் சோளக் கள். அரண்மனையும் நிலமும் அவர் பெயரிலேயே இருக்கும். கல்யாணத்துக்குக்கூட அவரிடம் அனுமதி கேட்பார்கள். பக்கத்தில் இருப்பவர் அவருக்காகப் பதில் சொல்வார்.

"பேசுறது யாருங்க? ராஜாவா, பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவரா?" என்று கேட்டேன். சிரித்தீர்களே தவிர, பதில் சொன்னீர்களா?

நேற்று நம் கூடத்திலும் அதுதான் நடந்தது.

நம் நித்யா, சுதனை வரச் சொல்லியிருந்தாள். நீங்கள் போன பிறகு அவளுக்குப் பழக்கமானவன். அகதியாகப் படகில் வந்த யாழ்ப்பாணத்துப் பையன். தற்காலிக விசா, டயர் கடையில் வேலை. "எங்க கல்யாணத்துக்கு இன்னைக்கு முடிவு சொல்லிடும்மா. இல்லன்னா நான் அவரோட போயிடுவேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். நான் ரசத்தில் இரண்டு முறை உப்புப் போட்டேன்.

உங்கள் தம்பி சோற்றைத் தொடவே இல்லை. "அண்ணி, அண்ணன் கனவுல வந்தாரு. முகமே சரியில்ல. இந்தக் கல்யாணத்துல அவருக்கு இஷ்டமில்ல."

"சித்தப்பா, ப்ளீஸ். திஸ் இஸ் நாட் ஃபேர்," என்றாள் நித்யா.

சுதன் கிளம்ப எழுந்துவிட்டான். "பரவாயில்லை. நான் போட்டு வாறன் அன்ரி."

நித்யாவும் கைப்பையை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை புரிந்தது: நீயும் ஒரு கனவு கண்டதாகச் சொல்லேன் அம்மா. எவ்வளவு சுலபம்! 'என் கனவிலும் வந்தார், சிரித்தார், ஆசீர்வாதம் பண்ணினார்' என்றால் தம்பி வாயடைத்துப் போயிருப்பார். மனைவியின் கனவைவிடத் தம்பியின் கனவு பெரிதா என்ன? வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

உங்கள் படத்தைப் பார்த்தேன். இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. சத்தியமாக, உங்களுக்கு இது பிடித்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

"அவர் என் கனவுல வரல தம்பி," என்றேன். "அவர் என்ன சொல்வார்னு யாருக்கும் தெரியாது. நான் சொல்றேன். பெத்தவ நான். எனக்குச் சம்மதம். உட்காருப்பா சுதன், சாப்பிடு."

"ஓம் அன்ரி," என்று உட்கார்ந்தவன் அழுதுவிட்டான். தம்பி சாப்பிடாமலே இலையை மூடிவிட்டு எழுந்தார். சாயங்காலம் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே சிட்னிக்குக் கிளம்பிவிட்டார். அவர் இனி வருவாரா? சுதனின் விசா என்னாகும்? பயமாகத்தான் இருக்கிறது. உங்கள்மேல் கோபமாகவும் இருக்கிறது. இதற்கெல்லாம் ஒரு பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். வருடா வருடம் உங்கள் இலையில் சோறு வைப்பேன். உங்கள் வாயில் வார்த்தை வைக்கமாட்டேன்.

உங்கள் மனைவி,
நித்யாவின் அம்மா