சுனைத் தீர்த்தம் என்று சொன்னேன்

அம்மா,

இன்று காலை உங்கள் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. காய்ச்சி ஆறின தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலக்கி நீட்டினேன். "என்னது இது?" என்று கேட்டார். நீங்களும் ஒருநாள் இதையே கேட்டீர்கள்.

எழுபதுகளில் ஒரு சித்திரை. நான் மயிலாப்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வருஷம். மாமியார் நீங்கள், நாட்டுப்பெண் நான், உங்கள் பிள்ளை மூவரும் மலைக் கோயிலுக்கு நடந்தே ஏறினோம். கல்லூரி முகாம்களில் மலை சுற்றினவள் நான். வழித் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் வாயில் விடமாட்டேன். பாதி வழியில் டீக்கடையிலிருந்து வெந்நீர் வாங்கி வந்தேன். நீங்களா கேட்பீர்கள்! "கண்டவா பாத்திரத்துல காய்ச்சின ஜலம் நேக்கு வேண்டாம்டி. சுனைக்கு ஏது தீட்டு?" என்று வழியிலிருந்த சுனையின் பச்சைத் தண்ணீரை அள்ளி அள்ளிக் குடித்தீர்கள்.

மறுநாள் இறங்கும்போது வாந்தியும் பேதியுமாகப் பாறை நிழலில் சுருண்டுவிட்டீர்கள். உங்கள் பிள்ளை டோலி பிடிக்க ஓடினார். கண் குழிந்து, நாக்கு வறண்டு... ஐயோ, அந்த முகம்! அதே டீக்கடை வெந்நீரை ஆற்றி, உப்பும் சர்க்கரையும் போட்டுக் கொண்டுவந்தேன்.

"என்னடி இது?"

"சுனைத் தீர்த்தம்மா. சன்னதியில வெச்சுக் குடுத்தா."

"கரிக்கறதேடி."

"பச்சைக் கற்பூரம் போட்டிருக்கா."

வாயைத் திறந்தீர்கள். டோலி வரும்வரை மடக்கு மடக்காகப் புகட்டினேன். பிழைத்தீர்கள்.

அப்புறம் மாட வீதி முழுக்க அதே பேச்சு. "சுனைத் தீர்த்தம்தான் என்னைக் காப்பாத்தித்து" என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னீர்கள். அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். சொல்லிவிடலாமா என்று வாய்வரை வரும். மடி ஆசாரமெல்லாம் போச்சே என்று தலையில் அடித்துக்கொள்வீர்களே, இந்தக் கையால் இனி ஒரு வாய்க் காப்பிகூட வாங்கமாட்டீர்களே என்று பயம். உங்கள் பிள்ளைக்குக்கூட இன்றுவரை தெரியாது.

அடுத்த சித்திரையில் நான் பிரசவத்துக்குப் பிறந்தகம் போயிருந்தேன். நீங்கள் பஜனை கோஷ்டியோடு மலையேறினீர்கள். மறுபடி அதே சுனை, அதே பேதி. கூட வந்த மாமி வெந்நீர் வைத்துக் கொடுத்தாளாம். தள்ளிவிட்டீர்களாம். "சுனை ஜலத்தையே கொண்டா. போன தடவை என் நாட்டுப்பெண் அதைக் குடுத்துத்தான் பொழைச்சேன்" என்றீர்களாம். கீழே கொண்டுவருவதற்குள் போய்விட்டீர்கள்.

பொய் சொல்லிப் புகட்டியதற்கு நான் வருந்தவில்லை. பிழைத்து எழுந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பீர்கள். ஆயுசுக்கும் முகம் கொடுத்துப் பேசியிருக்கமாட்டீர்கள்.

திட்டிக்கொண்டாவது இருந்திருப்பீர்களே, அம்மா.