மாற்று நடுவர் ருஷ்திக்கு

கிரான்பர்ன், மெல்பர்ன்,
திங்கட்கிழமை.

அன்புள்ள ருஷ்திக்கு,

நீயும் ஜலீலா அன்ரியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம்தான். வேலைநிறுத்தத்தில் இருக்கிற ஒருத்தி எவ்வளவு சுகமாக இருக்க முடியுமோ அவ்வளவு.

காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம் பாசம் இல்லை. எங்கள் இடத்தில் ஓட வருகிற மாற்று நடுவர்கள் யாருக்கும் போனில் எதையும் அனுப்பக் கூடாது என்று எங்கள் நடுவர் சங்கம் சொல்லியிருக்கிறது. ஒருவர் கோபத்தில் அனுப்பிய செய்தியைக் கால்பந்து லீக் நிர்வாகம் படமெடுத்து வக்கீலிடம் கொடுத்துவிட்டது. தபாலைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அதனால் விரைவுத் தபால்.

சனிக்கிழமை மெல்பர்ன் ஆட்டத்துக்கு யார் நடுவர், யார் துணை நடுவர் என்று இன்று காலை அறிவித்தார்கள். முதல் துணை நடுவர், ருஷ்தி மீரா சாஹிபு. பக்கக்கோட்டில் கொடியோடு ஓடுகிற அந்த இடம் என்னுடையது. சிட்னிப் பயிற்சி வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், மழையில் ஒரே குடைக்குள் நின்று ஆஃப்சைட் விதியைப் பற்றி என்னோடு சண்டை போட்டவன், என் இடத்தில் ஓடப் போகிறான். எனக்கு முதலில் கோபம் வரவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் தோன்றியது. கோபம் மத்தியானம் வந்தது.

நாங்கள் கூடுதல் சம்பளத்துக்காக நிற்கிறோம் என்று டிவியில் சொல்கிறார்கள். பொய். மார்க்கஸை உனக்குத் தெரியும். ஆட்டத்தின் நடுவில் குதிகால் நரம்பு அறுந்து விழுந்தவர். அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று மின்னஞ்சல் வந்தது. வீரனுக்குக் காயம் பட்டால் கிளப் பார்த்துக்கொள்கிறது. நடுவருக்குக் காயம் பட்டால் அடுத்த நடுவரைப் பார்க்கிறார்கள். காயம்பட்டவரை வெளியே தள்ளாதே, குணமாகும் வரை வைத்துக்கொள். நாங்கள் கேட்பது இவ்வளவுதான். முடியாது என்றார்கள். வெளியே வந்தோம்.

வீட்டிலும் எனக்கு ஆதரவு இல்லை. அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, இந்த ஸ்ட்ரைக்கெல்லாம் நமக்கெதுக்கும்மா, விசா கிடைக்கிற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருந்ததாலதான் இந்த வீடே வந்துச்சு என்கிறார். வாயை மூடிப் பழகிய பிறகு விசா வந்தும் திறக்கவில்லையே அப்பா என்றேன். எழுந்து போய்விட்டார்.

சரி. எனக்கு உண்மையாகவே சில விஷயங்கள் தெரிய வேண்டும். உன்னை யார் கூப்பிட்டார்கள்? என்ன சொன்னார்கள்? மைக், காதுக்கருவி எல்லாம் கொடுத்துப் பழக்கினார்களா? வெள்ளிக்கிழமை வரைக்கும் நீ மறுக்கலாம் என்பது தெரியுமா? மாற்று நடுவர்கள் கிடைக்கவில்லை என்றால் இரண்டே வாரத்தில் நிர்வாகம் பேச வந்துவிடும். கிடைத்துக்கொண்டே இருந்தால் நாங்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான் உட்பட.

திட்டுவதற்காக எழுதவில்லை. பதில் வந்த பிறகு தேவைப்பட்டால் திட்டுகிறேன்.

இப்படிக்கு,
அக்ஷரா

---

ஹரிஸ் பார்க், சிட்னி,
புதன்கிழமை.

அன்புள்ள அக்ஷராவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உம்மா கையெழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். அக்ஷரா புள்ள எழுதியிருக்கு, கலியாணச் செய்தியாக்கும் என்று வாசல் வரைக்கும் ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. அந்தப் புள்ள சொல்றதும் சரிதான், நீ போறதும் சரிதான், நான் ஆருக்கு துஆ கேக்கிற என்று இப்போதும் குசினிக்குள் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்தேன். ஒரு பெரியவரின் இடுப்பை எக்ஸ்ரே எடுத்து முடித்து வெளியே வந்தபோது போன் வந்தது. ஒரு பெண். மிக அன்பாகப் பேசினார். என் பெயரைச் சரியாக உச்சரித்தார். லீக்கில் இருந்து யாரும் என் பெயரைச் சரியாக உச்சரித்து நான் கேட்டதே இல்லை. அதற்கே பாதி சம்மதம் வந்துவிட்டது. சிரிக்காதே.

பயிற்சி, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் ஒரு பின்னேரம் நடந்தது. நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கம்பளத்தில் ஓட விட்டார்கள். வீடியோ நடுவரைப் பற்றி ஒரு படம் போட்டார்கள். பாதியில் கணினி நின்றுவிட்டது. மிச்சத்தை வீட்டில் பாருங்கள் என்று இணைப்பை அனுப்பினார்கள். அது திறக்கவில்லை. காதுக்கருவி எல்லோருக்கும் ஒரே அளவு. என் காதில் நிற்கவில்லை. சட்டையில் நெஞ்சுப் பக்கம் நூல் பிரித்த அடையாளம் இருக்கிறது. அங்கே இருந்தது உங்கள் சங்கத்தின் சின்னம் என்று ஒருவன் காதுக்குள் சொன்னான்.

இனி, ஏன் போகிறேன் என்பது. அதை நீ கேட்டிருக்கவே கூடாது. உனக்குத் தெரியும்.

ஓட்டச் சோதனையில் நான் உன்னைவிட வேகம். விதித் தேர்விலும் குறைந்ததில்லை. ஒவ்வொரு வருடமும் லீக்கில் இருந்து ஒருவர் வந்து, மைதானத்தில் உனக்கு ஒரு தோரணை போதாது என்று சொல்லிவிட்டுப் போவார். தோரணை என்றால் என்ன என்று கேட்டேன். அது இருந்தால் பார்த்ததும் தெரியும் என்றார். அவர் பார்த்தது என் தாடியை. ஞாயிறு தோறும் புறநகர் மைதானங்களில் ஓடுகிறேன். பதினைந்து வயதுப் பிள்ளைகளின் தகப்பன்மார், போய் ஊபர் ஓட்டு என்று கத்துகிறார்கள். உங்கள் சங்கத்தில் சேரக் கேட்டேன். லீக் எடுத்த நடுவர்கள் மட்டும்தான் சேரலாம் என்று உங்கள் செயலாளர் டேரன் ஒரு வரியில் பதில் போட்டார். லீக் எடுக்காது. லீக் எடுக்காததால் சங்கமும் எடுக்காது. உன் முகம் மட்டும் சங்கத்தின் சுவரொட்டியில் இருக்கிறது. எல்லோருக்கும் இடமுண்டு என்று அதில் எழுதியிருக்கிறது.

நான் கதவைத் தட்டிக்கொண்டு நின்ற காலத்தில் உள்ளே இருந்தவர்கள் நீங்கள். ஒருவரும் திறக்கவில்லை. இப்போது நீங்களே வெளியே வந்து நின்றுகொண்டு, உள்ளே போகாதே, அது எங்கள் இடம் என்கிறீர்கள். மார்க்கஸுக்கு நடந்தது அநியாயம். போன பருவத்தில் எனக்கு முழங்கால் வீங்கிக் கிடந்தது. சங்கத்தில் யாருக்காவது அது தெரியுமா?

சனிக்கிழமை ஓடுவேன். கோபமென்றால் திட்டு. உன் திட்டுக்கு நான் பழகியவன்.

அன்புடன்,
ருஷ்தி

---

கிரான்பர்ன்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ருஷ்திக்கு,

தூங்கினாயா, சாப்பிட்டாயா என்று கேட்டுத் தொடங்க வேண்டும். இரண்டும் இல்லை என்று தெரியும். விடுகிறேன்.

நேற்று உங்கள் வேன் மைதானத்தின் பின்வாசல் வழியாக வரும் என்று எங்களுக்குத் தெரியும். அங்கேதான் கோரிக்கை அட்டைகளோடு நின்றோம். கறுப்புக் கண்ணாடி என்றாலும் நீ ஜன்னலோரம் இருந்தது தெரிந்தது. நீ என்னைப் பார்த்தாய். பிறகு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாய். நானும் அட்டையை இறக்கினேன். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. காற்று அடித்துக் கை வலித்தது.

ஆட்டத்தை டேரனின் போனில் பார்த்தோம். முதல் பாதியில் நீ நன்றாக ஓடினாய். நிஜமாகத்தான் சொல்கிறேன். கடைசித் தடுப்பு வீரனின் தோளோடு தோளாக, ஒரு அடி பிசகாமல். பார்க்கப் பொறாமையாக இருந்தது. இரண்டாம் பாதியில் அது நடந்தது. உள்ளூர் அணிக்காரன் தடுப்பைத் தாண்டி ஓடினான், பந்து வந்தது, அந்தக் கணமே உன் கை மேலே போனது. முழங்கை மடங்காமல், கொடி விறைப்பாக, வகுப்பில் சொல்லிக்கொடுத்த மாதிரியே. உன் நடுவரும் உன்னைப் போலப் புறநகர்க்காரர். கொடியைப் பார்த்ததும் விசில் ஊதினார். அதற்குப் பிறகுதான் பந்து வலைக்குள் போனது.

மறுபடி போட்டுக் காட்டியபோது ஆஃப்சைட் இல்லை. மைதானத்தின் மறுபக்கத்தில் இன்னொரு தடுப்பு வீரனின் கால் பின்தங்கி இருந்தது. விசில் ஊதிய பிறகு விழுந்த பந்தை வீடியோ நடுவராலும் கோலாக்க முடியாது. உள்ளூர் அணி ஒரு கோலில் தோற்றது. நீ வெளியே போகும்போது தண்ணீர் போத்தல் வந்து உன் முதுகில் பட்டதையும் பார்த்தேன். கூட்டத்தில் என்ன பாடினார்கள் என்பதும் வாசல் வரைக்கும் கேட்டது. அதை இங்கே எழுத மாட்டேன்.

எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள் ருஷ்தி. டேரன் போனைத் தூக்கிக் காட்டி, இதைவிட நல்ல விளம்பரம் நமக்குக் கிடைக்காது என்றான். ருஷ்திக்கு யாராவது சொல்லிக்கொடுத்தீங்களா என்று கேட்டேன். அது நம்ம வேலை இல்லையே என்றான். அங்கேதான் எனக்குப் பொறுமை விட்டுப்போனது.

ஏனென்றால் நீ செய்தது கவனக்குறைவு இல்லை. புறநகர் மைதானத்தில் வீடியோ கிடையாது. அங்கே நல்ல துணை நடுவர் யார்? பார்த்ததும் கொடி தூக்குகிறவன். தாமதித்தால் தகப்பன்மார் வேலியைத் தாண்டி வந்துவிடுவார்கள். லீக்கில் அது தலைகீழ். சந்தேகமாக இருந்தால் கொடியைத் தூக்காமல் பொறுக்க வேண்டும், ஆட்டம் தன் போக்கில் முடிய வேண்டும், பிறகுதான் தூக்க வேண்டும். தவறு என்றால் வீடியோ திருத்தும். கையைக் கட்டிப்போடுகிற அந்தப் பழக்கம் வர எனக்கு ஒரு பருவம் முழுக்கப் பிடித்தது. உனக்கு அதைப் பாதியில் நின்ற படத்தில் காட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். இன்று காலை நிர்வாகம் விட்ட அறிக்கையைப் பார்த்தாயா? ஒரு தனிநபரின் தவறு என்று எழுதியிருக்கிறார்கள். உன் பெயரைக்கூடப் போடவில்லை. போன் செய்யும்போது மட்டும் உச்சரிக்கத் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமையும் உன்னையே போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உன் மேல் உள்ள நம்பிக்கையால் இல்லை. வேறு யாரும் சம்மதிக்கவில்லை.

உன் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. ஆனால் அதில் இருந்த கேள்வியை இன்று மத்தியானம் சங்கக் குழுவுக்கு எடுத்துக்கொண்டு போனேன். புறநகர் நடுவர்களையும் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும், லீக்குக்கு ஆள் எடுக்கும் முறையை வெளிப்படையாக வைக்க வேண்டும், இந்த இரண்டையும் நம் கோரிக்கையில் சேர்க்க வேண்டும் என்றேன். டேரன் சிரித்தான். கருங்காலிகளுக்கு ஓட்டுரிமையா என்றான். சங்கத்துல சேர்க்காத ஆளை எப்படிடா கருங்காலின்னு கூப்பிடுவ என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். பிறகு ஆங்கிலத்திலும் கேட்டேன். மார்க்கஸ் மட்டும் ஊன்றுகோலைத் தரையில் தட்டி, அவள் சொல்வது நியாயம் என்றார். வியாழக்கிழமை பொதுக்கூட்டத்தில் ஓட்டுக்கு விடுகிறார்கள்.

இதை நான் பேசினால் போதாது. சுவரொட்டியில் இருக்கிற முகம் பேசுகிறது என்று நினைப்பார்கள். வெளியே நிறுத்தப்பட்ட ஒருவன் பேச வேண்டும். சிட்னிக்காரர்கள் பரமட்டாவில் கூடித் திரை வழியாகச் சேர்கிறார்கள். உன் வீட்டில் இருந்து நடந்தே போகலாம். உனக்கு மைக் கொடுக்க மாட்டேன் என்று டேரன் சொன்னால், நானும் இனி வாசலில் நிற்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது.

ஒளிக்காமல் சொல்கிறேன். நீ அங்கே பேசினால் லீக் உன்னை மறுபடி கூப்பிடாது. ஓட்டில் தோற்றால் சங்கமும் உன்னைச் சேர்க்காது. இரண்டு கதவும் மூடும். எனக்கு மிஞ்சிப்போனால் ஒரு வேலை போகும். உனக்கு, வருடக்கணக்காக ஓடிய ஓட்டமே போகும். இதைத் தெரிந்துகொண்டுதான் வா என்கிறேன். நீ வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வராவிட்டால் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இனி எழுதப் போவதைப் படித்துவிட்டுக் கிழித்துப்போடு. சங்கத்துக்குத் தெரிந்தால் என்னைத்தான் முதலில் கருங்காலி என்பார்கள்.

நீ சனிக்கிழமை ஓடுவதாக இருந்தால், கொடியை எப்போதும் மைதானத்தின் பக்கம் இருக்கிற கையில் வைத்துத் தொடையோடு ஒட்டிக்கொள். சந்தேகம் வந்தால், பொறுக்கிறேன் என்று மைக்கில் சொல். அதைச் சொன்னால் நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோக மாட்டார். காதுக்கருவி நிற்காவிட்டால் காதுக்குப் பின்னால் ஒட்டுத்துணி போட்டு ஒட்டு, நாங்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். பந்து உள்ளே போகட்டும், வெளியே போகட்டும், நீ ஓடிக்கொண்டே இரு. எல்லாம் முடிந்த பிறகு தூக்கு. அந்தக் கொஞ்ச நேரம் மைதானம் முழுக்க உன்னைப் பார்த்துக் கத்தும். கை தானாக எழும். எழ விடாதே.

ஜலீலா அன்ரி யாருக்கு துஆ கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தால், இந்த வாரம் முழுக்க உனக்கே கேட்கச் சொல். எனக்கு அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். எந்தப் பக்கத்தில் போய் நின்றாலும் உன் மேல் யாரும் எதையும் எறியாமல் இருக்கட்டும்.

தோழமையுடன்,
அக்ஷரா