கறுக்காத இடது கையுறை

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே நான், உன் அப்பா, உன் தம்பி மூவரும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம்தான் என்று ஞாயிறுதோறும் போனில் சொல்கிறாய். ஆனால் மூன்று வாரமாக வீடியோவில் முகத்தைக் காட்டாமல் குரல் மட்டும்தான் வருகிறது, கேட்டால் நெட் சரியில்லை என்கிறாய். இந்த நேரம் பார்த்து உன் கையுறையும் இங்கே வந்து சேர்ந்து வேறு ஒரு கதை சொல்கிறது. அதைப் போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் கடிதமாக எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே, அது ஆறிவிட்டது. முதலில் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்று உன் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். முழங்கால் வலிக்கு மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இவரோ துணி காயப்போடுகிற சாக்கில் நாளைக்கு மூன்று தடவை மொட்டைமாடிக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரரோடு அரட்டை அடிக்கிறார். தம்பி சமைக்கக் கற்றுக்கொள்கிறேன் என்று கிளம்பி என் நல்ல பாத்திரத்தை அடிப்பிடிக்க வைத்துவிட்டான், தேய்க்கச் சொன்னால் அக்கா வந்து வெல்டிங் பட்டறை கிரைண்டரால் தேய்த்து எடுத்துத் தருவாள் என்கிறான். குளியலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன்னோடு வேலை பார்க்கிற பெண் விடுமுறையில் வந்தபோது நீ கொடுத்த பையைத் தந்துவிட்டுப் போனாள். வலது கையுறையில் கட்டைவிரல் பக்கம் தையல் விட்டிருக்கிறது, தைத்துக் கொடுத்தனுப்பு என்று சீட்டு எழுதியிருந்தாய். அடி என் சமர்த்தே, வலதை மட்டும் அனுப்பியிருந்தால் தப்பித்திருப்பாய், ஜோடியாக அனுப்பி மாட்டிக்கொண்டாய். கையுறைத் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவள் நான். கிழிந்தது கருகியது என்று திரும்பி வருகிற ஜோடிகளைப் பார்த்து, எதனால் போனது என்று எழுதுவதுதானே இப்போது எனக்குச் சோறு போடுகிற வேலை. வலது கையுறை நன்றாக உழைத்திருக்கிறது, உள்ளங்கை கறுத்து, விரல் மடிகிற இடமெல்லாம் சுருக்கம் விழுந்து, முகர்ந்தால் வியர்வை. இடது கையுறை அன்று நான் தைத்துக் கொடுத்தபடியே விறைப்பாக இருக்கிறது. மணிக்கட்டின் உள்பக்கம் நான் போட்ட சாக்பீஸ் கோடுகூட அழியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாயே கண்ணு. நீ பைப் பிரிவுக்கு மாறி டிக் வெல்டிங் பழகுகிறாய், வலது கையில் டார்ச், இடது கையில் உருக்கிச் சேர்க்கிற கம்பி. அந்தக் கம்பி பிடிக்கிற கை வெறுங்கையாக இருந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அன்று ராத்திரி உன் அப்பாவிடம் கையுறையைக் காட்டினேன். உன் அப்பா, அவ என்ன சின்னப் பிள்ளையா, அவளுக்குத் தெரியாதா, விடேன் என்றார். தெரிந்தவள்தான் கழற்றி வைத்திருக்கிறாள் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். மறுநாள் வேலை விட்டு வரும்போது உன் கையுறைகளோடு தெருமுனைப் பட்டறைக்குப் போனேன், எஃகில் கைப்பிடிக் கம்பியெல்லாம் செய்கிறாரே, அவர்தான். விஷயத்தைச் சொன்னதும், கரண்ட் போடாமலே ஒரு தடவ பிடிச்சுப் பாருங்கம்மா, புரியும் என்று மேசை முன்னால் உட்கார வைத்தார். உன் கை என் கையைவிடப் பெரிசு இல்லை, கையுறை சரியாகத்தான் பொருந்தியது. ஆனால் அந்த மெல்லிய கம்பியை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளச் சொன்னார் பார், முதல் தடவை நழுவிக் கீழே விழுந்தது. எடுத்துப் பிடித்தேன், மறுபடி விழுந்தது. ஐந்தாவது தடவை கம்பி விரலுக்குள் இருக்கிறதா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. அடுத்த மாதப் பரீட்சையில் தேறினால்தான் பைப் வேலை நிரந்தரம் என்ற நிலையில் இருக்கிறவள் வேறு என்ன செய்வாள் என்று அங்கேயே தோன்றிவிட்டது. அவரும் அப்படித்தானாம், ஆரம்பத்தில் வருஷக்கணக்கில் வெறுங்கையோடு செய்திருக்கிறார். இடது கையைத் திருப்பிக் காட்டினார், புறங்கைத் தோல் நிறம் மாறித் திட்டுத்திட்டாகக் கிடக்கிறது. பொறி பறக்காட்டி என்னம்மா, அந்த வெளிச்சமே தோலப் பொசுக்கிடும், சுட்டதே சாயந்தரம்தான் தெரியும் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

குற்றம் என்னுடையது கண்ணு. நீ வெல்டிங் வேலைக்குப் போகிறாய் என்றதும் எனக்குத் தெரிந்ததெல்லாம் நெருப்பு ஒன்றுதான், இருப்பதிலேயே தடித்த மாட்டுத்தோலை எடுத்து, ஒரு லைனிங் போதாதென்று இரண்டு வைத்துத் தைத்தேன். அப்போதே எங்கள் கட்டிங் மாஸ்டர், அக்கா, இது கையுறை இல்ல, தலகாணி என்றார். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள், என் கதையில் அது லைனிங் துணி. பிள்ளை கை சுடக் கூடாது என்று தைத்ததே பிள்ளை கையைத் திறந்துபோட வைத்திருக்கிறது. இந்தத் தடவை புது ஜோடி தைக்க மாஸ்டரிடமே போய் நின்றேன், அவர் ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் மெல்லிய ஆட்டுத்தோல் துண்டு தேடிக் கொடுத்தார். உள்ளங்கையில் லைனிங் வைக்கவில்லை, மணிக்கட்டுக்கு மேலே மட்டும் தடித்த தோலில் நீளமாக ஏற்றியிருக்கிறேன். நெருப்பு தாங்குகிற நூலிலேயே தைத்தேன், சாதா நூல் சூட்டில் இற்றுவிடும். தைத்து முடித்ததும் அதைப் போட்டுக்கொண்டு மேசையில் கிடந்த ஊசியை எடுத்துப் பார்த்தேன், எடுக்க வந்தது.

அதற்காக இதையே எல்லாவற்றுக்கும் போட்டுவிடாதே. ராடு வைத்து ஆர்க் வெல்டிங் செய்யச் சொன்னால் பழைய தலகாணிதான், பொறி மழையாகக் கொட்டுகிற இடத்தில் ஆட்டுத்தோல் நிற்காது. ஒரு லைனிங்கைப் பிரித்தெடுத்துவிட்டு, வலதையும் தைத்து, அதையும் இதோடு வைத்திருக்கிறேன். கம்பி தானாகவே ஓடி வருகிற மிக் வெல்டிங்குக்கு இரண்டுக்கும் நடுத்தரம் வேண்டும், அது உங்கள் ஸ்டோரில் இருக்கும், கூச்சப்படாமல் உன் அளவைக் கேட்டு வாங்கு, ஆண்பிள்ளைகள் அளவை மாட்டிக்கொண்டு திண்டாடாதே. ஈரமான கையுறையைப் போடாதே, கரண்ட் அடிக்கும். எண்ணெய் பட்டதும் வேண்டாம், குப்பென்று பற்றிக்கொள்ளும். சுடச்சுட இருக்கிற இரும்பைக் கையுறையாலேயே தூக்குவது உன் பழைய பழக்கம், குறடு எதற்கு இருக்கிறது? வாரம் ஒரு தடவை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார், ஊசிமுனை ஓட்டை தெரிந்தாலும் தூக்கிப் போடு, அம்மா தைத்தது என்று பாசம் வைக்காதே. தைக்க நான் இருக்கிறேன்.

பரீட்சை நல்லபடியாக நடக்கும், நீ எடுத்த காரியம் எதையும் பாதியில் விட்டவள் இல்லை. அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். வேளைக்குச் சாப்பிடு. தேறாமல் போனாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது, அடுத்த தடவை எழுதலாம், கை போனால் அடுத்த தடவை இல்லை.

ஒன்றே ஒன்று மறக்காமல் செய். நீ ஊருக்குக் கிளம்பிய அன்று காகிதத்தில் உன் கையை வைத்து வரைந்தோமே, அந்த அளவுக்குத்தான் இதைத் தைத்திருக்கிறேன். தடித்த கையுறையில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் தெரியாது, மெல்லியது விரல் நுனி வரை ஒட்டி நிற்க வேண்டும். அதனால் இந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே இடது கையை விரித்து வைத்து, சுற்றிப் பேனாவால் வரைந்து அனுப்பு, அடுத்த ஜோடி அந்த அளவில். கையில் கட்டு ஏதாவது போட்டிருந்தால் எனக்காக அவிழ்க்காதே கண்ணு, கட்டோடு சேர்த்தே வரை. அந்த அளவுக்கும் தைக்க அம்மாவுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அம்மா