கீறுகிற பிள்ளை

11.06.2025, புதன்

காலையில் அச்சுக்கடையில் ஒரு பூப்பு நீராட்டு விழாப் பதாகை, பெனர் வேலை. பிள்ளையை அன்னத்தின் மேல் இருத்தச் சொன்னார்கள், இருத்தினேன். பிறகு பெரியம்மாக்காரி வந்து, இவ்வளவு பெரிய வீட்டுப் பிள்ளைக்கு இந்தச் சின்ன அன்னமா என்று கேட்டாள். அன்னத்தைப் பெருப்பித்தேன். இப்போது அது தீக்கோழி. அவர்களுக்கு நல்ல சந்தோசம்.

மத்தியானம் சத்திரசிகிச்சை டொக்டர் சரீபா கடைக்குள் வந்தார். வந்தார் என்றா எழுதுவது? பாய்ந்தார். பித்தப்பைக் கல் பற்றிக் கிளினிக் சுவரில் ஒட்ட நாங்கள் அச்சடித்துக் கொடுத்த படத்தைச் சுருட்டி மேசையில் எறிந்தார்.

"என்ன வேல இது? வாறவங்க எல்லாரும் இடப்பக்கத்தப் பொத்திக்கிட்டு வாறாங்க!"

முதலாளி நிதர்சன், எழுத்துக்கு இடம் போதாதென்று இணையத்தில் எடுத்த படத்தை இடம்வலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார். கல்முனை முழுக்க ஈரல் இடம்மாறிவிட்டது. "டிசைனுக்கு அதுதான் டொக்டர் வடிவு" என்று வேறு சொன்னார். நான் ஒரு தாளில் ஈரலையும் பித்தப்பையையும் உரிய பக்கத்தில் கீறி நீட்டினேன்.

"இத எங்க படிச்சீங்க?"

"சித்திரம்தான் படிச்சன் டொக்டர். மிச்சம் நானாப் பாத்துப் பழகினது."

நானாகப் பழகியது என்றால், கட்டிலுக்குக் கீழே ஓர் அட்டைப்பெட்டி நிறைய எலும்பும் குடலும். வேறு பிள்ளைகள் காதல் கடிதம் ஒளிக்கிற இடத்தில் நான் மண்ணீரல் ஒளித்து வைத்திருக்கிறேன்.

"அடுத்த கிழமை வியாழக்கிழமை தியேட்டருக்கு வாங்க. பாத்துக் கீறுங்க" என்றார் டொக்டர்.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டே கேட்டாள்: "என்ன படமாம்?"

19.06.2025, வியாழன்

சத்திரசிகிச்சைத் தியேட்டரில் நான் மயங்கவில்லை. அந்தப் பெருமையை எழுதத்தான் கொப்பியைத் திறந்தேன். ஆனால் உண்மையையும் எழுத வேண்டும் — எனக்குப் பசித்தது. இரத்தம் நிற்க உள்ளே சூடு வைத்தபோது இறைச்சி வாட்டுகிற மணம் வந்தது, வாய் ஊறிவிட்டது. ஒரு மனுசி மயக்கத்தில் கிடக்கிறாள், எனக்கு வாய் ஊறுகிறது. இதையெல்லாம் யாரிடம் சொல்ல முடியும்?

புத்தகத்தில் நாடி சிவப்பு, நாளம் நீலம், பித்தப்பை பச்சை. கமெரா காட்டிய திரையில் எல்லாம் ஒரே இளஞ்சிவப்பும் பழுப்பும். தோய்த்த சேலைகளைக் குவித்துப் போட்டதுபோல் இருந்தது. கண்டதை அப்படியே கீறிக் காட்டினேன். டொக்டர் நெடுநேரம் பார்த்தார்.

"நல்ல வடிவா இரிக்கி. ஒண்டும் விளங்கல்ல. கண்ட எல்லாத்தையும் கீறாதீங்க யதுசா. தேவையில்லாதத விடுறதுதான் இந்த வேல."

பிறகுதான் விசயத்தைச் சொன்னார். மருத்துவ பீடம் ஒன்றில், நோயாளருக்கு விளங்குகிற மாதிரித் தமிழில் படங்கள் செய்கிற திட்டம் வருகிறது. அதற்கு முழுநேர மருத்துவச் சித்திரக்காரர் ஒருவர் வேண்டும். பித்தப்பைச் சத்திரசிகிச்சையை நான் படங்களாகக் கீறி, கிளினிக்கில் ஆட்களுக்குக் காட்ட வேண்டும். அவர்கள் பயம் தெளிந்து சம்மதித்தால் டொக்டர் என் பெயரைக் கொடுப்பார். தெளியாவிட்டால் எனக்குத் தீக்கோழிதான்.

இந்த வேலை எனக்கு வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

24.06.2025, செவ்வாய்

பித்தப்பை இன்றும் கத்தரிக்காயாகவே வந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பால்கறிக்கு நல்லம்" என்றாள்.

02.07.2025, புதன்

விடியக் காலையில் செல்லத்தம்பி மாமா வாசலில் நின்றார். பாண்டிருப்பில் எங்கள் வீட்டுக்குப் பின்வளவுக்காரர். முதுகில் கட்டி. சேட்டைக் கழற்றிக்கொண்டு திரும்பி நின்றார்.

"கீறிவிடு புள்ள."

"என்ன மாமா?"

"நீ ஆசுபத்திரியில வயிறு கீறுறயாம். இது சின்னக் கட்டிதானே?"

எல்லாம் அம்மாவின் வேலை. சந்தையில் போவோர் வருவோரிடமெல்லாம், "என்ட மகள் சரீபா டொக்டரோட நிண்டு வயிறு கீறுறாள்" என்று சொல்லித் திரிந்திருக்கிறாள். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நாங்கள் படத்தையும் கீறுகிறோம், கட்டியையும் கீறுகிறோம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை காலமும் எப்படித்தான் ஒருவரையொருவர் வெட்டாமல் இருந்தோமோ.

"மாமா, நான் பேப்பரில மட்டும்தான் கீறுறன்."

அவர் யோசித்தார். "ஓம், ஓம். முதல்ல பேப்பரில பழகிப்போட்டு, மறுகாத்தானே ஆளில கீறுவாங்க" என்றார். சேட்டை மாட்டிக்கொண்டு, நான் பழகி முடிய வருவதாகச் சொல்லிப் போனார்.

06.07.2025, ஞாயிறு

காரைதீவிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பொடியன் பெயர் தர்மிகன், பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறார். அவருடைய தாய் பலகாரத் தட்டோடு தன் முழங்கால் எக்ஸ்ரேயையும் கொண்டுவந்திருந்தார்.

"இதக் கீறவேணுமோ மகள்?"

அம்மாவைப் பார்த்தேன். அம்மா கூரையைப் பார்த்தாள். நான் உள்ளே போய் அட்டைப்பெட்டியை எடுத்துவந்து, நான் கீறுகிறது இதுதான் மாமி என்று காட்டினேன். தர்மிகன் ஒரு குடலைக் கையிலெடுத்து, எது மேல், எது கீழ் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேத்தண்ணி ஆறுமுன் எழும்பிவிட்டார்கள்.

பலகாரம் நல்லாயிருந்தது. அம்மாதான் ஒன்றும் தின்னவில்லை. எண்ணெய்ச் சாமான் இப்போது நெஞ்சைக் கரிக்கிறதாம்.

15.07.2025, செவ்வாய்

செத்தேன்.

கிளினிக் நாள். படங்கள் எல்லாம் தயார். டொக்டர் தன் வெள்ளை மேலங்கியை எனக்குத் தந்து, பக்கத்து அறையில் நிற்கச் சொன்னார். பதற்றத்தில் கை சும்மா இருக்கவில்லை, பிளேட்டால் பென்சில் சீவிக்கொண்டு நின்றேன். வெளியே நேர்ஸ் நீள வாங்குகளில் குந்தியிருந்த நோயாளரிடம் சொன்னது எனக்கும் கேட்டது:

"ஒருத்தரும் எழும்பாதீங்க. இப்ப ஒரு புள்ள வந்து, உங்களுக்கு முன்னாலயே வயித்தக் கீறிக் காட்டும்!"

கதவைத் திறந்துகொண்டு நான் வந்தேன். வெள்ளை அங்கி. கையில் பிளேட்.

முன்வாங்கில் இருந்தது யார்? செல்லத்தம்பி மாமா. குடலிறக்கம் காட்ட வந்திருக்கிறார். "ஐயோ! பேப்பரில பழகி முடிச்சிட்டாள்! இனி ஆளிலதான்!" என்று கத்திக்கொண்டு வாங்குக்கு மேலால் பாய்ந்தார். குடலிறக்கத்தோடு அப்படிப் பாயலாமென்று எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. அவருக்குப் பின்னால் எல்லாரும். கைக்குழந்தைக்காரி, பொல்லூன்றி வந்த கிழவர், மருந்துத்துண்டு எழுத மட்டும் வந்தவர்கள் — எல்லாரும். மிஞ்சியது செருப்புகள்.

டொக்டர் வெளியே வந்து வெறும் வாங்குகளைப் பார்த்தார்.

"யா அல்லாஹ். கிளினிக் எங்க போன?"

சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் தொடங்கினேன், பிறகு அழுதுவிட்டேன். சத்திரசிகிச்சைக்குத் திகதி எடுத்திருந்தவர்களும் வரமாட்டோம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். "உங்கட படத்த ஒரு மனிசன் பாக்கல்ல. நான் பீடத்துக்கு என்னெண்டு சொல்ற?" என்றார் டொக்டர். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இந்த மாதம் ஓகஸ்ட் முடிவதற்குள் பெயர் கொடுக்க வேண்டுமாம் — இல்லை, இது யூலை. அடுத்த மாதம் முடிவதற்குள். மாதமும் மறந்துபோகிறது எனக்கு.

16.07.2025, புதன்

தீக்கோழி இரண்டு.

27.07.2025, ஞாயிறு

அம்மா குசினியில் மடங்கி இருந்தாள். வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வியர்வை. "வாய்வு" என்றாள். அப்பா சொல்கிறார், மாதக் கணக்காக இப்படித்தானாம். எண்ணெய்ச் சாமான் தின்றால் வருமாம், முதுகுக்கு ஓடுமாம், தைலம் பூசிக்கொண்டு படுப்பாளாம்.

கட்டிலுக்குக் கீழே பித்தப்பை நிறைந்து கிடக்கிறது. கட்டிலுக்கு மேலே கிடந்ததை நான் காணவில்லை. நானெல்லாம் என்னத்தைப் பார்த்துப் பழகினேன்?

29.07.2025, செவ்வாய்

ஸ்கேன். பித்தப்பை நிறையக் கல். கல் இறங்கிக் குழாயை அடைத்தால் மஞ்சளாகும், கிருமி ஏறும், உயிருக்கே மோசம், பித்தப்பையை எடுத்துவிட வேண்டும் என்று டொக்டர் அம்மாவுக்கு முன்னால் வைத்தே சொன்னார். அம்மா எல்லாவற்றுக்கும் "ஓம் டொக்டர், ஓம் டொக்டர்" என்று தலையாட்டிவிட்டு, பஸ்ஸில் ஏறியதும் சொன்னாள்:

"நான் மாட்டன்."

"ஏன்மா?"

"மீன் வெட்டக்குள்ள பிச்சு வெடிச்சா என்னகா நடக்கும்? கறி முழுக்கக் கைக்கும். எனக்குள்ள வெடிச்சா? செத்தாலும் பரவாயில்ல, கைச்சுக்கொண்டு சீவிக்க என்னால ஏலா."

மீனுக்கென்றாலும் ஆளுக்கென்றாலும் பித்தப்பை அம்மாவுக்குப் பிச்சுதான். பஸ்ஸில் இருந்தவர்கள் அது சரிதானே என்பதுபோல் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. வேலை கிடக்கட்டும். அம்மா வேண்டும்.

03.08.2025, ஞாயிறு

படங்களைப் பாயில் பரப்பி அம்மாவை முன்னால் இருத்தினேன். நான்கு சின்னத் துளை, கமெரா, பித்தப்பையின் கழுத்தில் கிளிப், பிறகு வெட்டு, பையோடு வெளியே. ஒழுங்காகத்தான் சொன்னேன். அம்மா முதல் படத்திலேயே நின்றுவிட்டாள்.

"இது ஆர்ர வயிறு?"

"ஆர்ரயும் இல்லம்மா. சும்மா ஒரு வயிறு."

"சும்மா வயிறெண்டு ஒண்டு கிடக்கா? மடிப்பில்ல, வரியில்ல, புள்ள பெத்த வயிறே இல்ல. இவளுக்குச் செய்யட்டும். எனக்கென்ன வந்த?"

கோபம் தலைக்கேறியது. எனக்கு! இவ்வளவு பாடுபட்டு... விசர்க் கதை! பிறகு நானும் அந்த வயிற்றைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று தட்டையாக, இணையத்திலிருந்து இறங்கிய வயிறு. தேவையில்லாததை விடு என்றார் டொக்டர். நான் ஆளையே விட்டிருக்கிறேன்.

அம்மா பாயில் மல்லாந்து படுத்தாள். சேலையை விலக்கினாள். நான் பிறந்தபோது வெட்டிய தழும்பு, கொழுப்பு மடிப்பு, வரிவரியான தோல், எல்லாம் அங்கே இருந்தது.

"இதில கீறு" என்றாள்.

கழுவினால் போகிற மார்க்கரை எடுத்தேன். விலா எலும்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்து ஈரலைக் கீறினேன். அதன் அடியில் பித்தப்பை, உள்ளே கற்கள். தொப்புளில் ஒரு புள்ளி, நெஞ்சுக்குழியின் கீழ் ஒன்று, வலப்பக்கம் இரண்டு. அம்மா கூச்சத்தில் சிரித்ததில் ஈரல் குலுங்கியது. இடையில் அப்பா மீன்கூடையோடு உள்ளே வந்தார். பார்த்தார். அப்படியே மீனோடு வெளியே போய்விட்டார்.

அம்மா கண்ணாடியைப் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"இவ்வளவுதானா? இந்தச் சின்ன ஓட்டையா?"

"ஓம்மா."

"பிச்சு இதுக்குள்ளயா கிடக்கு?"

"ஓம். அப்பிடியே ஒரு பையில போட்டு, தொப்புளால எடுப்பாங்க. வெடிச்சாலும் உள்ள கழுவிவிடுவாங்க, கைக்காது."

"எழுது" என்றாள் அம்மா. அவள் சொன்னதை அவள் சொன்ன இடத்தில் எழுதினேன்.

05.08.2025, செவ்வாய்

அம்மா குளிக்க மறுக்கிறாள். படம் அழிந்துவிடுமாம். ஊர்ப் பெண்களெல்லாம் அறைக்குள் வந்து வயிறு பார்த்துப் போகிறார்கள். அம்மா ஈர்க்கால் தொட்டுக்காட்டி விளக்கம் சொல்கிறாள். "இதுதான் பித்தப்பை. கத்தரிக்காயெண்டு நினைக்கப்படாது." பின்வளவு வேலிக்கு மேலால் செல்லத்தம்பி மாமாவின் தலை தெரிந்தது. பெண்கள் துரத்திவிட்டார்கள்.

பாதிச் சத்திரசிகிச்சையை அம்மாவே செய்துவிடுவாள் போலிருக்கிறது.

14.08.2025, வியாழன்

நேற்று வாட்டில் சேர்க்குமுன் குளிக்க வைத்தோம். குளித்துவிட்டு, மறுபடி கீறினால்தான் வருவேன் என்றாள். கீறினேன். அதே எழுத்தையும் எழுதினேன்.

இன்று என்னை உள்ளே விடவில்லை. தியேட்டர் கதவுக்கு வெளியே வாங்கில் இருந்தேன். அப்பா பக்கத்தில். எனக்கு உள்ளே நடக்கிறது ஒவ்வொன்றும் தெரியும், இப்போது கிளிப், இப்போது வெட்டு. தெரிந்ததால் ஒரு பிரயோசனமும் இல்லை. எனக்குத் தெரிந்த சாமி எல்லாரையும் கூப்பிட்டேன்.

டொக்டர் முகமூடியைக் கழற்றிக்கொண்டு வந்தார். கண்ணில் தண்ணீர். நான் வாங்கை விட்டு எழும்பிவிட்டேன்.

"அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் நல்லம்" என்றார். சிரித்ததில் வந்த தண்ணீர். "எத்தினையோ வயிறு பாத்தேன் யதுசா. ஒரு வயிறு எனக்கு ஓடர் போட்டது இன்டக்கித்தான். 'பிச்சு வெடிக்கப்படாது. கவனம்.' துடைக்க நேர்ஸுக்கு மனமே வரல்ல."

மயக்கம் கொடுக்குமுன் அம்மாவிடம் கேட்டு ஒரு படம் எடுத்தாராம், பீடத்துக்கு அனுப்ப. "அனுப்புங்க, முகம் மட்டும் வரப்படாது" என்றாளாம் அம்மா.

மாலையில் கண் விழித்ததும் நாக்கை வெளியே நீட்டிச் சுழற்றினாள்.

"கைக்கல்ல" என்றாள்.

14.10.2025, செவ்வாய்

இன்று கிளினிக். மருத்துவ பீடத்து அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இரண்டாவது முறையாகப் போனேன். பையில் கடதாசி கொஞ்சம்தான், மார்க்கர்தான் அதிகம். நேர்ஸ் அதே குரலில், "கீறுற புள்ள வந்திட்டா!" என்றார். ஒருவரும் எழும்பவில்லை. சேட்டு உயர்ந்தது, சேலை விலகியது, வாங்கு நெடுக வயிறுகள் தயாராகின.

முன்வாங்கில் செல்லத்தம்பி மாமா. மருந்து கட்டி ஆறிய முதுகைக் காட்டிவிட்டு, சாரத்தைச் சற்று இறக்கி, குடலிறங்கிய இடத்தைக் காட்டினார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"முதல்ல நீ கீறு புள்ள. மறுகா டொக்டர் கீறட்டும்."

அவர் வயிற்றில் மடிப்பு, மயிர், கரவலைக் கயிறு உரஞ்சிய பழைய தழும்பு. ஒன்றையும் விடாமல் கீறினேன்.