கடைத்தெரு பழைய வங்கியின் சாய்வு

அனுப்புநர்:
ஹியூ ப்ராதரோ,
செய்தியாளர் (ஓய்வு),
3, தேவாலயச் சந்து, டீம்பிரிட்ஜ், இங்கிலாந்து.

பெறுநர்:
தலைமைக் கட்டட ஆய்வு அலுவலர்,
நகர மன்றம், டீம்பிரிட்ஜ்.

பொருள்: கடைத்தெரு பழைய வங்கிக் கட்டடத்தின் மேல்தளத்தைப் பிரித்தெடுக்கும் ஆணையை நிறுத்திவைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பழைய வங்கிக் கட்டடத்தின் மேல்தளம் ஏப்ரல் 15, திங்கட்கிழமை காலை பிரித்தெடுக்கப்படும் என்றும், அதற்குள் அங்கே குடியிருப்பவர் வெளியேற வேண்டும் என்றும் கடந்த செவ்வாயன்று அதன் வாசலில் ஒட்டப்பட்ட அறிவிப்பு கூறுகிறது. அது உங்கள் அலுவலகத்தின் அறிவிப்புதான் என்பதை உங்கள் உதவியாளர் நேற்று தொலைபேசியில் உறுதி செய்தார். காரணம் கேட்டேன். "கட்டடம் சாஞ்சிருக்கு சார், உங்களுக்கே தெரியுமே" என்றார். தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். சாய்ந்து நிற்பது வேறு, இன்னும் சாய்ந்துகொண்டிருப்பது வேறு. அந்த வேறுபாடு உங்கள் துறைக்குத் தெரியவில்லை என்பதே என் புகார்.

2. குடியிருப்பவர் திருமதி மேவிஸ் டக்கர். வங்கி இந்தக் கிளையை மூடும்வரை அங்கே காசாளராக இருந்தார். பிறகு கட்டடத்தை வாங்கி, கீழே விதைக்கடை நடத்துகிறார்; மேலே வசிக்கிறார். அவருக்கு வேறு வீடு இல்லை. நான் அவருடைய உறவினன் அல்லன், வாடிக்கையாளன்.

3. உங்கள் ஆய்வாளர் திரு. கிரெஸ்வெல் மார்ச் மாதம் வந்தபோது நான் கடைக்குள் பட்டாணி விதை வாங்கிக்கொண்டிருந்தேன். தெருவில் நின்று முன்சுவரில் சாய்வை அளக்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார், குறித்துக்கொண்டார், கிளம்பினார். உள்ளேயும் பார்க்கும்படி திருமதி டக்கர் இருமுறை கேட்டார். அவர் வாசற்படியைத் தாண்டவில்லை. இது செங்கல் கட்டடம் இல்லை, ஓக் மரச்சட்டகம் என்று திருமதி டக்கர் எடுத்துச் சொன்னதற்குக் கிடைத்த பதில்: "சுவர் சுவர்தாம்மா. செங்கல்லா இருந்தா என்ன, மரமா இருந்தா என்ன?"

"அப்ப உங்க அறிக்கையில மரம்னு ஒரு வார்த்தை எழுதுங்க சார். எழுதினா டீ தர்றேன்" என்றார் திருமதி டக்கர். ஆய்வாளர் டீ குடிக்கவில்லை. அவருடைய அறிக்கையில் அந்தச் சொல்லும் இல்லை. செங்கல் சுவருக்கு உரிய சாய்வு வரம்பை வைத்தே கட்டடம் அபாயகரமானது என்று முடிவு கட்டியிருக்கிறார். செங்கல்லும் சாந்துமாக எழுந்த சுவர் அவ்வளவு சாய்ந்தால் விழக்கூடும்தான். ஆனால் இந்தச் சட்டகத்தை வெட்டிக் காயவைக்காத பச்சை ஓக் மரத்தில் கோத்தார்கள். அது காயும்போது முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய நிலையிலேயே இறுகிவிடும்.

4. உள்ளே போயிருந்தால் மேலாளர் அறைக் கதவைப் பார்த்திருப்பார். 1884இல் வங்கி இங்கே குடிவந்தபோது நிலையே கோணலாக இருந்ததால், கதவையும் கோணலாகவே அறுத்து மாட்டினார்கள். அதன் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட நான்கு அங்குலம் உயரம். தரை சரிவதால் காசாளர் மேடையின் கால்களும் வடக்கே குட்டை, தெற்கே நெட்டை. மேற்பலகை இன்றைக்கும் மட்டமாக இருக்கிறது. அந்தக் கதவை நேற்றும் மூடிப் பார்த்தேன். எங்கும் உரசவில்லை. 1884க்குப் பிறகு சட்டகம் அரை அங்குலம் நகர்ந்திருந்தாலும் கதவு சிக்கியிருக்கும். உங்கள் ஆய்வாளர் கண்டுபிடித்த சாய்வு, வங்கி வருவதற்கு முன்பே வந்துவிட்ட சாய்வு.

5. கட்டடத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. வடமேற்கு மூலையில் சட்டகத்தைத் தாங்கும் அடி உத்தரம் உளுத்துப்போயிருக்கிறது. என் பேனாக்கத்தி பிடிவரை இறங்கியது. ஏன் உளுத்தது? அந்த மூலையில் இருந்த சுண்ணாம்புப் பூச்சை உடைத்துவிட்டு சிமெண்ட் பூசச் சொன்னது உங்கள் துறை. சிமெண்டுக்குப் பின்னால் புகுந்த மழைநீருக்கு வெளியேற வழியில்லை. முட்டுக் கொடுத்து, உளுத்த பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, புது ஓக் மரம் ஒட்டுப்போட்டால் போதும் என்று அந்த மூலையைச் சோதித்த தச்சர் ஒருவர் எழுத்தில் தந்திருக்கிறார். அவருடைய கடிதம் உங்கள் மேசையில் மூன்று வாரமாகக் கிடக்கிறது. கீழே உள்ள உத்தரம் கெட்டதற்கு மேல்தளத்தைக் கழற்றுவது என்ன வைத்தியம் என்பதை நீங்கள்தான் விளக்க வேண்டும்.

6. உள்நோக்கம் எதையும் நான் ஊகிக்கப்போவதில்லை. தெருவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மேல்தளம் லாரிகள் திரும்ப இடைஞ்சல் என்று உங்கள் சாலைப் பிரிவு மூன்று கூட்டங்களில் பேசியிருக்கிறது. அது குறிப்பேட்டில் பதிவாகியிருப்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

7. ஆகவே, ஆணையை உடனே நிறுத்திவைக்கவும், மரச்சட்டகம் அறிந்த ஒருவரை உள்ளே அனுப்பிச் சோதிக்கவும், வடமேற்கு மூலைக்கு இந்த வாரமே முட்டுக் கொடுக்கவும் கேட்டுக்கொள்கிறேன். முட்டுக்கான செலவை ஏற்கத் திருமதி டக்கர் சம்மதித்திருக்கிறார்.

8. திருமதி டக்கர் தம் செலவில் அமர்த்திய பொறியாளரின் அறிக்கை ஏப்ரல் 12, வெள்ளிக்கிழமை மாலை உங்களுக்கு வந்து சேரும். உங்கள் ஆட்கள் வருவது திங்கள் காலை. இடையில் இருப்பது அலுவலகம் மூடியிருக்கும் இரண்டு நாட்கள். அந்த அறிக்கையைப் படிக்க யார் இருப்பார்கள் என்று கேட்டதற்கு உங்கள் அலுவலகம் இன்னும் பதில் தரவில்லை. திங்களன்று வெளியேறுவீர்களா என்று திருமதி டக்கரிடமும் கேட்டேன். "நான் மேலதான் இருப்பேன் ஹியூ. ஏணியோட வர்றவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வைக்கச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன். உங்கள் பதில் புதன்கிழமைக்குள் வர வேண்டும்.

எழுத்துப்பூர்வமான பதிலுக்குக் காத்திருக்கும்,
ஹியூ ப்ராதரோ
(கையொப்பம்)

இடம்: டீம்பிரிட்ஜ்
நாள்: 5 ஏப்ரல் 2019